நிறஞ்சொல்லி: பிக்சல் கன்ட்ரோலருக்கு ஒரு கலைச்சொல்

அனுப்பியவர்: மதுரை, புதூர்

கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த டிசம்பரில் வீட்டு முகப்பில் பாட்டுக்கேற்ப ஓடுகிற விளக்கு போடப்போகிறேன். கிறிஸ்துமசுக்கு ஏற்றி, பொங்கல் முடிந்து இறக்குவதாகத் திட்டம். 50 விளக்கு கொண்ட சரம் எட்டு, ஆக 400 பிக்சல் (ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறக்கூடிய விளக்கு). அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்கிறார்கள், தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. கணினிக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கிற போர்டை என்னவென்று எழுதுவது?

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 'கன்ட்ரோலர்' என்று கேட்டேன். சீரியல் செட்டோடு வருமே, பொத்தானை அமுக்க அமுக்க எட்டு விதமாக மின்னும் டப்பா, அதை எடுத்து நீட்டினார்கள். அதுவும் கன்ட்ரோலர்தான், அவர்கள்மேல் தப்பில்லை. எனக்கு வேண்டியது அது இல்லை, அவ்வளவுதான். 'கட்டுப்படுத்தி' என்று எழுதினாலும் இதே கதைதான் நடக்கும். 'இயக்கி' சரிவருமா?


அனுப்பியவர்: மதுரை, தல்லாகுளம்

தம்பி, டப்பாவுக்கு ஒரு சொல் என்று ஆரம்பித்தால் நம் கலைச்சொல் பட்டியல் முடியவே முடியாது. மைக்ரோகன்ட்ரோலருக்கு 'நுண்கட்டுப்படுத்தி' நிலைத்துவிட்டது. அதே வழியில் 'விளக்குக் கட்டுப்படுத்தி' போதாதா? 'இயக்கி' வேண்டாம். மென்பொருளில் அது டிரைவருக்குப் போய்விட்டது, எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவரையும் அப்படியே எழுதுகிறார்கள்.

பிக்சலுக்குத்தான் புதுச்சொல் தேவை. 'படவணு' திரைக்குப் பொருந்தும். கூரை ஓரத்தில் தொங்குகிற விளக்கில் படம் எங்கே இருக்கிறது? 'கண்ணி' என்று வைக்கலாம். பூச்சரத்திலும் கண்ணி உண்டு, சங்கிலியிலும் கண்ணி உண்டு. பழைய வழக்கில் மார்பில் அணிவது தார், தலையில் சூடுவது கண்ணி. வீட்டு முகப்பில் சூட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? புதிதாகத்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் போர்டைக் 'கண்ணி ஏவி' என்று சொல்லலாம். ஏவல் என்றால் கட்டளை, இலக்கணத்திலேயே இருக்கிறது.


அனுப்பியவர்: திருமங்கலம்

ஐயாவுக்கு வணக்கம். தம்பி, நான் திருவிழாக்களுக்கு மின்னலங்காரம் கட்டுகிறவன். இலக்கணம் ஐயா பார்த்துக்கொள்ளட்டும், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

> 'விளக்குக் கட்டுப்படுத்தி' போதாதா?

போதாதுங்க ஐயா. மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் இங்கே கேள்வி. கோயில் வாசலில் பல்புகளால் சாமி உருவம் கட்டி ஓடவிடுகிற வேலைக்கு முன்பெல்லாம் மோட்டாரில் சுற்றும் உருளை ஒன்று இருக்கும். உருளைமேல் செப்புத் தகடு, அதை உரசியபடி வரிசையாகத் தொடுமுனைகள். தகடு தொட்டால் அந்த வரி எரியும், விலகினால் அணையும். பிறகு ட்ரையாக் என்கிற மின்னணு சுவிட்ச் வந்தது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாமதித்துத் திறக்கிறோமோ அந்த அளவுக்கு வெளிச்சம் மங்கும். உருளையோ ட்ரையாக்கோ, விளக்கு எரிகிற மின்சாரம் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் வெளியே வரும். பெட்டிக்கு 16 வாய் என்றால் 16 வரி. ஒரு வரியில் எத்தனை பல்பு தொங்கினாலும் எல்லாம் சேர்ந்தே எரியும், சேர்ந்தே அணையும்.

பிக்சலில் இந்தக் கதையே இல்லை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் டபிள்யூ.எஸ்.2811 போன்ற ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் அதற்கு எப்போதும் வந்துகொண்டே இருக்கும். போர்டு அனுப்புவது செய்தி மட்டும். விளக்கொன்றுக்கு 24 பிட்: சிவப்புக்கு எட்டு, பச்சைக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு. முதல் விளக்கு முதல் 24 பிட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே அடுத்ததற்கு விடும். அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடும். விளக்கில் எண் எதுவும் எழுதியிருக்காது, நிற்கிற இடம்தான் அதற்கு எண். வேகம் நொடிக்கு 8 லட்சம் பிட். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோநொடி, தம்பியின் 400 விளக்குக்கும் சொல்லி முடிக்க 12 மில்லிநொடி. நொடிக்கு 40 தடவை நிறம் மாற்றுவதாக வைத்தாலும் தடவைக்கு 25 மில்லிநொடி இருக்கிறது. ஒரே வாயில் 400-ஐயும் தொங்கவிடலாம், நேரம் மிஞ்சும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சில்லு போனால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஊமையாகிவிடும். நான்கு வாயாகப் பிரித்தால் போனாலும் 100-க்குள் போகும்.

இரண்டுக்கும் 'கட்டுப்படுத்தி' என்றே பெயரிட்டால், வாங்குகிறவர் 'எத்தனை ஆம்பியர் தாங்கும்?' என்று கேட்பார். பழைய பெட்டிக்கு அது சரியான கேள்வி. புதியதிடம் கேட்க வேண்டியது எத்தனை விளக்கு, நொடிக்கு எத்தனை தடவை என்பது. (சில போர்டுகளில் மின்சாரமும் ஃபியூஸ் வழியாக உள்ளே வந்து போகும். அது வயரிங் வசதிக்காக.) ஆம்பியர் கணக்கை எஸ்.எம்.பி.எஸ்.சிடம் (வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கித் தருகிற பெட்டி) போடுங்கள். 5 வோல்ட் பிக்சல் முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 400-க்கு 24 ஆம்பியர், 120 வாட். 5 வோல்ட், 40 ஆம்பியர் ஒன்று வாங்கினால் மூச்சுவிட இடம் இருக்கும்.

'12 வோல்ட் வாங்கு, ஆம்பியர் குறையும்' என்பார்கள். விளக்கொன்றுக்குச் சில்லொன்று என்று வருகிற சாதாரணச் சரத்தில் குறையாது. இழுப்பது கிட்டத்தட்ட அதே அளவுதான், கூடுதல் வோல்ட்டெல்லாம் மின்தடையில் சூடாகப் போகும். 120 வாட் வேலைக்கு 288 வாட் கட்டுவீர்கள். 12 வோல்ட்டின் லாபம் தூரத்தில். 5 வோல்ட்டில் 50 விளக்குக்கு ஒருமுறை புதிதாக மின்கம்பி கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சரத்தின் வாலில் வெள்ளை சிவந்துபோகும். நீலத்துக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும், அதனால். உங்கள் முகப்புக்கு 5 வோல்ட்டே போதும்.


அனுப்பியவர்: யாழ்ப்பாணம்

அண்ணை, 'கண்ணி'யையும் 'ஏவி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கட பக்கம் ஒருத்தரும் நத்தார் விளக்கு என்று நினைக்கமாட்டினம். இங்கை கண்ணி என்றால் முதலில் கண்ணிவெடி. ஏவி என்றால் ஏவுகணை. பூச்சரம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வரும். தயவுசெய்து இதை விட்டிடுங்கோ.

பழைய பெட்டிக்கு வேணுமெண்டால் 'ஆளி' எடுங்கோ. சுவிட்சுக்கு எங்கட பாடப்புத்தகத்தில் அதுதான். வரியை ஆள்வது, 'வரியாளி'.


அனுப்பியவர்: மதுரை, புதூர்

வரியாளி நல்லா இருக்கு. கடையில் நீட்டினது அதுதான் என்று இனி சொல்லிக்கொள்வேன்.

திருமங்கலம் அண்ணே, ஒரு சந்தேகம். கையில் இ.எஸ்.பி.32 என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று இருக்கிறது. அதில் விளக்கை ஓட்டுகிற டபிள்யூ.எல்.இ.டி. மென்பொருள் ஏற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொருவர் ராஸ்பெர்ரி பை என்கிற கையளவு கணினி இல்லாமல் முடியாது என்கிறார். பையும் கன்ட்ரோலர்தானா?


அனுப்பியவர்: திருமங்கலம்

பை வேறு வேலைக்கு, தம்பி. எந்த நொடியில் எந்த விளக்கு என்ன நிறம் என்பதை லேப்டாப்பில் எக்ஸ்லைட்ஸ் என்கிற மென்பொருளில் உட்கார்ந்து எழுதுவீர்கள். எழுதிய கோப்பைப் பையில் போட்டு, ஃபால்கன் பிளேயர் என்கிற மென்பொருள் அதை ஓட்டும். பாட்டை ஒலிபெருக்கிக்கு விடும், நிறக் கணக்கை இ1.31 முறையில் (விளக்குச் செய்தியை நெட்வொர்க்கில் அனுப்புகிற நெறிமுறை) நெட்வொர்க்கில் விடும். அதை வாங்கி விளக்குக்குப் புரிகிற பாஷையில் சொல்வது இ.எஸ்.பி.32. முதல் வருஷத்துக்குப் பை இல்லாமல் லேப்டாப்பையே ஓடவிட்டாலும் நடக்கும், தினமும் சாயங்காலம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 400 விளக்கை இ.எஸ்.பி.32 சுலபமாகத் தாங்கும். வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். தெருவில் எல்லா வீட்டு வைஃபையும் ஓடுகிற நேரத்தில்தான் நம் பாட்டும் ஓடும், விளக்கு தாளம் தப்பும். நெட்வொர்க் கேபிள் செருகுகிற இ.எஸ்.பி.32 போர்டுகள் கிடைக்கின்றன, முடிந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதில்தான் புதியவர்கள் நாள்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இ.எஸ்.பி.32 பேசுவது 3.3 வோல்ட்டில். 5 வோல்ட் சில்லு 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை '1' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். மேஜைமேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எரியும், கூரைக்கு ஏற்றினால் கண்டபடி மின்னும். நடுவில் 3.3 வோல்ட் செய்தியை 5 வோல்ட்டாக ஏற்றித் தருகிற 74எச்.சி.டி.245 சில்லு ஒன்று போட்டால் தீர்ந்தது. போர்டின் கிரவுண்ட் (ஜி.என்.டி.) முனையும் எஸ்.எம்.பி.எஸ்.சின் மைனஸும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். போர்டிலிருந்து முதல் விளக்குவரை கம்பியைக் குட்டையாக வையுங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுசாகப் போயிருக்காது, பிறகு மார்கழிப் பனி வேறு. எஸ்.எம்.பி.எஸ்.சை மழை புகாத பெட்டியில் வைத்து, எர்த் கொடுத்து, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மட்டும் எடுங்கள். தெருப்பிள்ளைகள் தொடுகிற உயரத்தில் 230 வோல்ட் எதுவும் இருக்கக்கூடாது.

பெயருக்கு வருகிறேன். எங்கள் பட்டறைப் பையனுக்கு இந்தப் போர்டைக் காட்டி விளக்கினேன். கேட்டுவிட்டு, 'அப்ப இது கரன்ட் விடாது, கலர் மட்டும் சொல்லும்' என்றான். நான் இரண்டு மடலில் எழுதியது அவ்வளவுதான். கதைசொல்லி இருக்கிறது, குறிசொல்லி இருக்கிறது. 'நிறஞ்சொல்லி' இருக்கக்கூடாதா?


அனுப்பியவர்: மதுரை, தல்லாகுளம்

இருக்கலாம். இலக்கணத்தில் இடிக்கவில்லை, வாயிலும் நிற்கிறது. 'நிறம்சொல்லி' என்று பிரித்து எழுதுவார்கள், தேடுகிறவர்களுக்காக இரண்டு வடிவத்தையும் பட்டியலில் ஏற்றுகிறேன். நிறமே மாறாத ஒற்றை வெள்ளைச் சரம் வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். ஒளியின் அளவையும் அதுதான் சொல்கிறது, பெயரை அதற்காக மாற்ற வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதற்குப் பிறகு கண்ணியை வற்புறுத்த மனமில்லை. நெட்வொர்க்கில் நோடுக்கு 'கணு' ஏற்கெனவே புழங்குகிறது. 'விளக்குக்கணு' என்று போடுகிறேன். 'கட்டுப்படுத்தி' பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதன்கீழ் வரியாளி, நிறஞ்சொல்லி என இரண்டு பதிவு.

தம்பி, இ1.31-இல் 512 சேனல் கொண்ட ஒரு தொகுதிக்கு யூனிவர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிறத்துக்கு ஒன்றாக விளக்குக்கு மூன்று சேனல் வீதம் 170 விளக்குதான் அதில் அடங்கும், உங்கள் 400-க்கு மூன்று யூனிவர்ஸ் வேண்டும். யாராவது 'பிரபஞ்சம்' என்று எழுதிவிடுவதற்குள் அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ஒரு வீட்டுக் கூரையில் மூன்று பிரபஞ்சம் என்றால் தெருவில் எவரும் நம்பமாட்டார்கள்.