களிமண் ஊரில் கழிவுநீர்: எங்கள் தெருவில் கண்டது

காவிரிப் பாசனப் பகுதியில் 110 வீடுகள் கொண்ட சிற்றூர் எங்களுடையது. அங்கே வார்டு உறுப்பினராக இருந்தபோது எனக்கு அதிக உறக்கத்தைக் கெடுத்தது கழிவுநீர்தான். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வாசலுக்கே குழாய் வந்ததில் பெண்களுக்கு அடிபம்பு வரை நடக்கும் வேலை ஒழிந்தது. ஆனால் நால்வர் வாழும் வீட்டிலிருந்து குளித்ததும் துவைத்ததும் பாத்திரம் கழுவியதுமாக ஏறத்தாழ 150 லிட்டர் அன்றாடம் தெருவுக்கு வந்து, அங்கிருந்து குளத்துக்குப் போயிற்று. இரண்டே ஆண்டில் குளத்தை ஆகாயத்தாமரை மூடியது.

முதலில் வீட்டுக்கொரு உறிஞ்சுகுழி வெட்டினோம். மூன்றடிக்கு மூன்றடி, உள்ளே கருங்கல்லும் ஜல்லியும். கோடையில் வேலை செய்த குழிகள் ஐப்பசி மழையில் நிரம்பி, உள்ளே போன நீரையே வாசலில் கக்கின. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் அம்மா ஓரடி ஆழத்துக்குச் சிறு குழி தோண்டச் சொல்லி, இரவு நீர் ஊற்றி மண்ணை ஊறவைத்து, காலையில் மறுபடி நிரப்பி அரைமணி நேரம் அருகிலேயே நின்றார். மணற்பாங்கான நிலமாக இருந்தால் நீர் மளமளவென்று இறங்கியிருக்கும். எங்கள் களிமண்ணில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. போதாக்குறைக்கு மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் இரண்டு மூன்றடிக்கு ஏறிவிடுகிறது. ஒரு செலவும் இல்லாத அந்தச் சோதனையைக் குழி வெட்டுமுன் செய்யாதது எங்கள் தவறு என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

மாற்றாக, கீழத்தெருவின் 30 வீடுகளுக்கு மட்டும், செடிகள் நட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நாணற் படுகை ஒன்று அமைத்தோம். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிட்டதில், புறம்போக்கில் மூன்று சென்ட் போதுமானதாக இருந்தது. வீட்டு வாசலில் வலை பொருத்திய சிறு வண்டல் தொட்டி, தெருமுனையில் பொதுவான படிவுத் தொட்டி, அதற்கப்பால் அடியில் தார்ப்பாய் விரித்து இரண்டடி ஆழம் ஜல்லி நிரப்பிய படுகை; அதில் கல்வாழையும் சம்பும் நட்டோம். நீர் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நகர்வதால் கொசு முட்டையிட வழியில்லை. கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிட, மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் மறுமுனையில் வெளிவரும் நீர் தென்னைக்குப் பாய்கிறது.

படுகையை விடக் கடினமாக இருந்தது வாசல் தொட்டிதான். சில வீடுகளில் அது வாரத்துக்குள் வழுவழுப்பான வெள்ளைப் படலத்தால் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் ஒரு மாதமானாலும் சுத்தமாக இருந்தது. காரணத்தைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கியபோது, அடைப்பே இல்லாத வீட்டுப் பெரியம்மா ஒருவர், "வடிச்ச கஞ்சியை யாராவது சாக்கடையில ஊத்துவாங்களா தம்பி? அது மாட்டுக்குல்ல" என்றார். அப்போதுதான் விளங்கியது. மாடு வைத்திருந்த வீடுகளில் கஞ்சியும் அரிசி களைந்த கழுநீரும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. மாட்டை விற்றுவிட்ட வீடுகளில் அவை குழாய்க்குள் போய் எண்ணெயோடும் சோப்போடும் திரண்டு அடைத்தன. அன்று முதல் மாடில்லாத வீட்டார் கழுநீரைப் பானையில் சேர்த்து மாடுள்ள வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அடைப்பு பெருமளவு குறைந்துவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் படுகையில் மல நாற்றம் எழுந்தது. இரண்டு வீட்டார் தங்கள் செப்டிக் தொட்டியின் வெளிக்குழாயை இரவோடிரவாக எங்கள் குழாயில் இணைத்திருந்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் களிமண்ணில் அவர்களுடைய நீரும் இறங்க இடமின்றித்தான் நின்றது. இணைப்பைத் துண்டித்து, இரு வீட்டுக் கொல்லைக்கும் பொதுவாக மண்மேடு ஒன்றை உயர்த்தி, மணலும் ஜல்லியும் பரப்பி, தொட்டிநீரை அதன் மேலேற்றிக் கசியவிட்டோம். கிணற்றிலிருந்து போதிய தொலைவு கிடைக்கும்படி இடத்தை இருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

படிவுத் தொட்டியை ஆண்டுக்கொரு முறை, புரட்டாசியில் மழை தொடங்குமுன், ஆளை உள்ளே இறக்காமல் வண்டியின் உறிஞ்சுகுழாய் கொண்டே தூர்வாருகிறோம். மேலத்தெருவுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.