கண்ணாடியே கதவு

கவின்: (படம்) டிசைன் வகுப்பில் இதைக் காட்டினார்கள். ரவி மாமா, இது நிஜமாகவே காரா?

ரவி மாமா: லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ! லான்சியா என்பது இத்தாலியக் கார் கம்பெனி. ஆனால் இதை 1970 டூரின் மோட்டார் ஷோவுக்குச் செய்தது பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனம். வரைந்தவர் மார்ச்செல்லோ காந்தினி. லம்போர்கினி மியூராவும் கவுன்டாக்கும் அவர் கைவண்ணம்தான். மூக்கு நுனியிலிருந்து கூரை வரை ஒரே கோடு போல ஏறுகிறது பாருங்கள். மொத்த உயரமே 84 செ.மீ.

பெரியம்மா: 84-ஆ? நம் சமையல் மேடை உயரம்தானடா! கதவையும் காணோம், எப்படி ஏறுவது?

ரவி மாமா: முன்கண்ணாடிதான் கதவு, அக்கா. அது மேலே தூக்கிக்கொள்ளும். மூக்கின் மேல் கறுப்பாக ஒரு ரப்பர் விரிப்பு தெரிகிறதா? அதில் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். இவ்வளவு தாழ்வான காரில் பக்கத்தில் கதவு வைத்தால் ஆள் நுழைய முடியாது. ஏறக்குறைய படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

தாத்தா: ஓடுமா, வெறும் பொம்மையா?

ரவி மாமா: ஓடும் அப்பா. லான்சியா ஃபுல்வியாவின் 1.6 லிட்டர் வி4 எஞ்சின், சீட்டுக்குப் பின்னால். அடுக்கடுக்காகத் தகடு வைத்த அந்த முக்கோண மூடிக்குக் கீழே இருக்கிறது. பெர்டோனே நிறுவனத்தின் தலைவர் நுச்சியோ பெர்டோனே தானே இதை ஓட்டிக்கொண்டு லான்சியா அலுவலகத்துக்குப் போனார். வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை, அடியிலேயே நுழைந்துவிட்டார்!

கவின்: ஐயோ, செம! எதற்காகப் போனார்?

ரவி மாமா: வேலை கேட்டுத்தான். அதுவரை லான்சியாவுக்குப் பெரும்பாலும் போட்டி வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனாதான் வரைந்து கொடுத்தது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவும். கிடைத்தது! ஃபெராரியின் டினோ வி6 எஞ்சினோடு ஸ்ட்ராட்டோஸ் எச்எஃப் என்ற ராலிப் பந்தயக் கார் பிறந்தது. அதுவும் காந்தினி வரைந்ததுதான். 1974, 75, 76 மூன்று வருடமும் உலக ராலி சாம்பியன்ஷிப் லான்சியாவுக்கு.

பெரியம்மா: அப்போ ராலி கார்லயும் கண்ணாடி வழியாகத்தான் ஏறினார்களா?

ரவி மாமா: இல்லை அக்கா, அதற்குச் சாதாரணக் கதவுதான். ராலியில் இறங்கி ஏறி டயர் மாற்ற வேண்டுமே. ஆப்பு மாதிரி உருவமும் நடுவில் எஞ்சினும்தான் தொடர்ந்தன. எனக்கு இதில்தான் காந்தினி மேல் மரியாதை கூடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்த மனுஷன்.

கவின்: மாமா, இதையே ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ரவி மாமா: எடு. அவரே 1968-ல் வரைந்த ஆல்ஃபா ரோமியோ கராபோவையும் பக்கத்தில் வை. கத்தரிக்கோல் போல மேல்நோக்கித் திறக்கும் கதவு அதில்தான் வந்தது, அப்புறம் கவுன்டாக்குக்குப் போனது. முதலில் ரெண்டு காரையும் பக்கவாட்டில் ஒரே அளவில் வரைந்து அனுப்பு, பார்க்கலாம்.