மீடியம் ஃபார்மேட்டுக்கு முதல் ஃபிலிம்: நீங்கள் எதில் தொடங்கினீர்கள்?

35 மி.மீ.யை விடப் பெரிய நெகட்டிவ் எடுக்கும் மீடியம் ஃபார்மேட் கேமரா, யாஷிகா மேட் 124ஜி, கைக்கு வந்தபோது ஃபிலிம் விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எக்டார் 100 போடுங்கள், வெல்வியா 50 போடுங்கள், இவ்வளவு பெரிய நெகட்டிவ் எடுப்பதே துல்லியத்துக்குத்தானே, அதற்கு வேகம் (ஒளியை உணரும் திறன், பெயரில் வரும் எண்) குறைந்த, துகள் நுண்ணிய ஃபிலிம்தான் சரி என்று. உருப்படியான யோசனை டெவலப் செய்யும் லேபில் இருந்த பெரியவரிடம்தான் கிடைத்தது. ஃபிலிம் பேச்சையே எடுக்காமல், "ட்ரைபாட் வச்சிருக்கீங்களா? எந்த நேரத்துல, எங்க எடுப்பீங்க?" என்று கேட்டார். கையில் பிடித்துத்தான், பெரும்பாலும் நிழலில் மனிதர்களை என்றேன். "அப்ப 400 வேகத்துல நெகட்டிவ் ஃபிலிம் போடுங்க. ஒரே வகையையே கொஞ்ச நாள் போடுங்க, மாத்தாதீங்க."

ஏன் என்று பிறகு எடுக்க எடுக்கப் புரிந்தது. இந்தக் கேமராவில் இருப்பது 80 மி.மீ. லென்ஸ், ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்தால் எஃப்/3.5 (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). அருகில் இருப்பவர் முகத்தில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும், அதனால் எஃப்/8 வரையாவது மூட வேண்டியிருக்கிறது. திறந்த நிழலில் எஃப்/8 வைத்தால் 100 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/60 நொடி பக்கம் வந்து நிற்கும், 400 என்றால் 1/250 கிடைக்கும். கை நடுக்கத்துக்கு அது பெரிய நிம்மதி. துகள் தெரியுமே என்று பயப்படவே வேண்டாம், இந்தக் கேமராவின் 6x6 செ.மீ. நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. ஃபிரேமைப் போல மூன்றரை மடங்குக்கு மேல், அதே அளவு பிரிண்ட்டில் துகள் அவ்வளவாகக் கண்ணில் படாது.

நான் எடுத்தது இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், 400 வேகக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ். ஜன்னலோர நாற்காலி ஒன்றைச் சரியான அளவிலும், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி), இரண்டு ஸ்டாப் கூட்டியும் வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தேன். லைட் டேபிளில் வைத்தபோது கடைசி ஃபிரேம் நல்ல கறுப்பாக இருந்தது, ஆனாலும் திரைச்சீலையின் மடிப்புகள் அதில் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்திலேயே நண்பர் ஒருவரின் புரோவியா ஸ்லைடு, அதாவது நேர்ப்படமாகவே வரும் ஃபிலிம், இருந்தது. ஒரு ஸ்டாப் கூடியதற்கே வெள்ளைச் சட்டை வெறும் கண்ணாடியாகியிருந்தது. ஸ்லைடு அழகுதான், மறுக்கவில்லை. ஒளி அளக்கக் கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

*

எல்லோருக்கும் 400 என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என்னுடையது மடக்கும் பழைய கேமரா, 6x9, ஒரு ரோலுக்கு 8 படம். ஷட்டரின் உச்ச வேகமே 1/300. நல்ல வெயிலில் 400 போட்டால் உச்ச வேகத்திலேயே எஃப்/22-ஐ ஒட்டிப் போக வேண்டும், அதற்கு மேல் மூட இடமே இருக்காது. இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், வேகம் 125, இதற்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. வெயிலில் எஃப்/16, 1/125, கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அப்புறம் பட எண் பார்க்கும் பின்பக்கச் சிவப்பு ஜன்னல். இன்றைய ஃபிலிம்கள் சிவப்பு ஒளியையும் பதியக்கூடியவை, வேகம் கூடக்கூட ஆபத்தும் கூடும். எண் பார்க்கும்போது மட்டும் திறந்து உடனே மூடிவிடுங்கள்.

*

இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் அதற்கு முன்னால் உங்கள் லேப் எதை டெவலப் செய்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் கொடுக்கும் லேபில் கலர் நெகட்டிவுக்கான சி-41 மட்டும்தான். கறுப்பு வெள்ளை வேண்டும் என்பதற்காக எக்ஸ்பி2 சூப்பர் பிடித்துக்கொண்டேன், அது சி-41-லேயே டெவலப் ஆகும் 400 ஃபிலிம். கலருக்கு போர்ட்ரா 400, வெளிச்சம் நன்றாக இருந்தால் கோல்டு 200. 2022-லிருந்து கோல்டு மீடியம் ஃபார்மேட்டுக்கான 120 ரோலிலும் வருகிறது.

பழைய கேமராவோடு 220 ரோலுக்கான பேக் (ஃபிலிம் மாட்டும் பின்பகுதி) வந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். 220-க்கு நடுவில் 120-ல் இருப்பது போல ஒளியைத் தடுக்கும் பின்தாள் கிடையாது, நீளமும் இரட்டிப்பு, இப்போது புது ரோல் கிடைப்பது மிக அரிது. 120 ரோலை நிழலில் மாற்றுங்கள். கடைசியில் சுருள் தளர்ந்திருந்தால் ஓரம் வழியாக வெளிச்சம் புகுந்துவிடும், அதனால் வெளியே எடுக்கும்போதே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, தாளின் நுனியை உள்ளே மடித்து, பட்டையை இறுக்கமாக ஒட்டிவிடுங்கள்.