இணையத்தில் திறந்து கிடக்கும் படத்தை எடுத்துப் போடலாமா? கோர்டோபா வழக்கை முன்வைத்து

கதிர்ப்படம்:
டிர்க் ரென்க்ஹோஃப் என்ற ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர், தாம் எடுத்த, ஸ்பெயினின் கோர்டோபா நகரப் படத்தை வெளியிடும் உரிமையை ஒரு பயண இணையதளத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார். ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலப் பள்ளி மாணவர் ஒருவர் அதைத் தரவிறக்கித் தம் மொழிப்பாடக் கட்டுரையில் சேர்க்க, பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் தளத்தில் ஏற்றியது. யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய படமே ஆனாலும், நகலெடுத்து வேறொரு தளத்தில் ஏற்றுவதற்குப் படைப்பாளியின் அனுமதியைத் தனியே பெற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 7 அன்று தீர்ப்பளித்தது. படம் எடுத்துப் பிழைக்கும் எங்களுக்கு இது மிகவும் வேண்டியிருந்த தீர்ப்பு.

பாடவேளை:
ஆசிரியை என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. அந்த மாணவர் எதையும் மறைக்கவில்லை; எந்தத் தளத்திலிருந்து எடுத்தார் என்பதைப் படத்தின் கீழேயே குறித்திருந்தார். அந்தத் தளத்திலோ தரவிறக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பள்ளிக்கு இதனால் ஒரு காசு வருமானமும் இல்லாதபோது 400 யூரோ இழப்பீடு கேட்டது எந்த வகையில் நியாயம்? அந்த நீதிமன்றத்துக்குச் சட்டக் கருத்துரை வழங்கிய காம்போஸ் சாஞ்செஸ்-போர்டோனாவும் படைப்பாளிக்கு எதிராகவே பரிந்துரைத்திருந்தார்.

கதிர்ப்படம்:
அவருடைய பரிந்துரை நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது, அம்மா. தடை இல்லை என்கிறீர்கள். ஆனால் பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி எந்தப் பதிவும் எச்சரிக்கையும் இல்லாமலே உரிமை பிறந்துவிடுகிறது, ஆகவே பூட்டு போடாதது அனுமதி கொடுத்ததாகாது. தீர்ப்பின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி அந்தப் படத்துக்கு வெறும் இணைப்பு கொடுத்திருந்தால், நாளை கலைஞர் மனம் மாறி மூலத் தளத்திலிருந்து படத்தை நீக்கும்போது இணைப்பும் செத்துவிடும். நகலோ அவர் நீக்கிய பிறகும் வேறொருவருடைய வழங்கியில் வாழ்ந்துகொண்டிருக்கும். தன் படம் எங்கே, எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அந்த நகலோடு அவர் கையை விட்டுப் போகிறது. மூலத்தின் பெயரை எழுதுவதால் அது திரும்பி வராது.

சட்டப்பார்வை:
கல்வி பற்றி ஒரு சேதி. 2019-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியப் பதிப்புரிமை நெறிமுறையின் 5-ஆம் பிரிவு, பள்ளி வளாகத்திலோ, மாணவரும் ஆசிரியரும் மட்டுமே நுழையக்கூடிய பாதுகாப்பான மின்தளத்திலோ, மூலத்தைக் குறிப்பிட்டுக் கற்பித்தலுக்குப் படங்களைப் பயன்படுத்த இடமளிக்கிறது. உலகுக்கே திறந்திருக்கும் தளம் அதில் சேராது.

பாடவேளை:
அப்படியென்றால் பிள்ளைகளின் நல்ல கட்டுரைகளைப் பெற்றோரும் ஊராரும் பார்க்க முடியாமல் கடவுச்சொல்லுக்குப் பின்னால் அடைத்துவைக்க வேண்டும். குறைந்தபட்சம், பணம் கேட்பதற்கு முன்பு படத்தை நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்புவதையாவது பள்ளிகளைப் பொறுத்தவரை கட்டாயமாக்குங்கள்.

கதிர்ப்படம்:
அதற்கு நான் உடன்பட மாட்டேன். கேட்கும்வரை வைத்துக்கொள்ளலாம், கேட்டால் நீக்கினால் போதும் என்று ஆகிவிட்டால், உலகம் முழுவதையும் தேடி அலையும் சுமை நகலெடுத்தவர் தலையிலிருந்து படைத்தவர் தலைக்கு மாறிவிடும். பொதுப் பயன்பாட்டு உரிமத்துடன் கோர்டோபாவின் படங்கள் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏராளமாக இருக்கின்றன. அங்கே தேடுவதற்கு மாணவர்களைப் பழக்கலாமே.

பாடவேளை:
பழக்குகிறேன். ஆனால் தவறிப்போகும் ஒரு பிள்ளையையும், விளம்பரத்துக்காகப் படத்தை எடுக்கும் நிறுவனத்தையும் ஒரே தராசில் வைப்பதை எதிர்த்துக்கொண்டேதான் இருப்பேன்.