'ஞானம்' தமிழ்ச்சொல்லா?

சொல்லுளி: ஞாயிறு, ஞாலம் மாதிரி ஞானமும் ஞகரத்தில்தான் தொடங்குகிறது. ஞகரம் மொழிமுதலில் வரலாம் என்று தொல்காப்பியமே சொல்கிறது. அப்படியென்றால் இதையும் தமிழ் என்று கொள்ளலாமா? அறிவுக்கும் ஞானத்துக்கும் என்ன வேறுபாடு?

ஏட்டுப்பூச்சி: கொள்ள முடியாது. ஆ, எ, ஒ ஆகிய மூன்று உயிர்களோடு மட்டும் ஞகரம் முதலில் வரும் என்பது தொல்காப்பிய விதி. 'ஞா' அதில் அடங்குவதால் இரவல் சொல்லும் தடையில்லாமல் நுழைந்துவிடும். சொல் எங்கே பிறந்தது என்பதற்கு அந்த விதி சான்றாகாது. வினை இருக்கிறதா என்று பாருங்கள். ஞாலத்துக்கு 'ஞால்' (தொங்கு) உண்டு. ஞானத்துக்குத் தமிழில் வினையே இல்லை. வடமொழி 'ஜ்ஞா' வேரில் முன்மெய் உதிர்ந்து 'ஞா' ஆனது. அஞ்ஞானம், விஞ்ஞானம் என்று நடுவில் வரும்போது ஞகரம் இரட்டிப்பது அந்தக் கூட்டெழுத்தின் தடம்.

வேர்க்கிழங்கு: அறிவு பற்றி நான் சொல்கிறேன். 'அறு' (வெட்டு) என்பதிலிருந்து வந்தது, நல்லது கெட்டதை அறுத்துப் பிரிப்பதால் அறிவு என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க அழகுதான், ஆனால் ஒட்டாது. அறு அற்றான், அறுத்தான் என்று போகும். அறி அறிந்தான் என்று போகும். மலையாளத்திலும் கன்னடத்திலும் 'அறி' தனி வினையாகவே நிற்கிறது, தெலுங்கில் 'எறுகு'.

பொருள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். "புல்லும் மரனும் ஓரறிவினவே" என்று தொல்காப்பியத்தின் மரபியல் சொல்லும்போது அறிவு என்பது புலனுணர்வு. குறளில் "மெய்ப்பொருள் காண்ப தறிவு" இரண்டு முறை வருகிறது: 355 துறவறத்தில், மெய்யுணர்தல் அதிகாரத்தில், 423 பொருட்பாலில், அறிவுடைமையில். முன்னதில் தோற்றத்தைத் தாண்டிப் பார்ப்பது, பின்னதில் யார் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பது. ஆகவே 'அறிவு உலகியல், ஞானம் ஆன்மிகம்' என்று கோடு கிழித்தால் குறளிலேயே இடிக்கும். சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளின் வரிசையில் ஞானம் கலைச்சொல்லாக நிற்கிறது. அங்கே 'அறிவு' என்று மாற்றி எழுதினால் பொருள் குழம்பும்.

சொல்லுளி: நன்றி. ஆங்கில 'விஸ்டம்' இந்த ஜ்ஞா வேர்தானா?

ஏட்டுப்பூச்சி: இல்லை, ஜ்ஞாவுக்கு உறவு ஆங்கில 'நோ' (know, அறி), கிரேக்க 'க்னோசிஸ்'. விஸ்டம் 'காண்' என்ற பொருளுடைய வேறு வேர். வடமொழி வேதமும் வித்தையும் அந்தக் குடும்பம். அந்த வித்தைதான் இங்கே குரங்காட்டி வரைக்கும் வந்துவிட்டது! மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் பட்டறிவைக் குறிக்கும் இடத்தில் 'விவேகம்' அல்லது 'அறிவுடைமை' போடுங்கள். சமய நூல் என்றால் ஞானம்.