மறு: லெமியேர் நோய்க்குத் தமிழ்ப் பெயர் ('தொண்டை உறைவு' வேண்டாம்)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தொண்டைத் தொற்றில் தொடங்கிக் கழுத்து ரத்தக் குழாயில் ரத்தத்தை உறையவைக்கும் லெமியேர் நோய்க்கு, சிங்கப்பூர் வாசகர்களுக்கான நம் துண்டறிக்கையிலும் கலைச்சொல் பட்டியலிலும் போட ஒரு தமிழ்ப் பெயர் தேடும் மின்னஞ்சல் இழை முழுவதையும் படித்தேன். 'தொண்டை உறைவு' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது, அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நோயில் தொண்டைக்குள் எதுவும் உறைவதில்லை. தொண்டையில் தொடங்கும் தொற்று டான்சிலை ஒட்டிய திசுக்கள் வழியாகப் பரவி, கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் உட்கழுத்துச் சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை) பிடித்துக்கொள்கிறது. ரத்தம் அங்கேதான் உறைகிறது, அந்த உறைவுக்குள் கிருமி குடியிருக்கிறது, அதிலிருந்து உடைந்த துணுக்குகள் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கங்கே சீழ் பிடிக்கச் செய்கின்றன. கடும் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும் நேரத்தில் பலருக்குத் தொண்டை வலி தணிந்தே போயிருக்கும். அப்போது வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் கழுத்து. தாடை முனைக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், வீக்கம், தொட்டால் வலி. பெயர் அந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இந்த நோயின் பழைய ஆங்கிலப் பெயரான 'போஸ்ட் ஆஞ்சைனல் செப்சிஸ்' (செப்சிஸ் என்றால் உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று) என்பதில் வரும் முதல் பகுதியை ஒருவர் 'நெஞ்சுவலிக்குப் பிந்தைய' என்று பெயர்த்திருந்தார். அதை உடனே நீக்கிவிடுங்கள், இது ஆபத்தான பிழை. ஆஞ்சைனா என்றால் இன்று எல்லாருக்கும் மாரடைப்போடு சேர்ந்த நெஞ்சுவலிதான் நினைவுக்கு வரும், ஆனால் அந்தப் பழைய வழக்கில் அது தொண்டை அழற்சியைக் குறித்தது. இந்த நோய்க்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் 1936இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதும் இதைப் பற்றித்தான்: அவர் விவரித்த 20 பேரில் 18 பேர் இறந்துபோனார்கள். பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், நேரத்தில் கண்டுபிடித்தால்.

அப்புறம் 'கட்டி'. 'கழுத்து ரத்தக் கட்டி' என்ற பரிந்துரையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். போன வருடம் எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு அக்காவின் மகன் காலில் ரத்தம் உறைந்து மருத்துவமனையில் இருந்தான். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை உறவினர் ஒருவர் பாட்டிக்கு 'ரத்தக் கட்டி' என்று சொல்லிவிட்டார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேன்சர்னு ஏம்மா எங்கிட்ட மறைக்கிறீங்க?" என்று கேட்டார். அவரைத் தேற்ற அன்று பொழுதே போய்விட்டது. சரி, 'ரத்தக் கட்டு' என்று மாற்றலாமா என்றால் அது அடிபட்டுக் கன்றிப்போவதைக் குறிக்கும், யாரும் அஞ்ச மாட்டார்கள். 'உறைவு' இரண்டுக்கும் தப்பிவிடுகிறது.

இன்னொரு பரிந்துரையான 'தொற்றுறைவு' அழகான சொல், ஆனால் கோவிட்டுக்குப் பிறகு இங்கே தொற்று என்றாலே 'எனக்கும் ஒட்டுமா?' என்பதுதான் முதல் கேள்வி. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமான ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் நம் வாயிலும் தொண்டையிலும் வழக்கமாகவே இருக்கக்கூடிய, காற்றில்லாத சூழலில் வளரும் கிருமி. அதனால் 'சீழுறைவு' என்கிறேன். மருத்துவர்களும் இதைச் சீழ்பிடித்த சிரை அழற்சியாகவே வகைப்படுத்துகிறார்கள்.

சிரையா நாளமா என்ற சண்டைக்கு வருகிறேன். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயும் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயும் தமிழ்நாட்டுப் பாடநூலில் முறையே தமனி, சிரை. ஈழத்துப் பாடநூலில் நாடி, நாளம். சிங்கப்பூரில் இரண்டு தரப்பும் ஒரே பலதுறை மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொது வாசகர் பலருக்குச் 'சிரை' என்றால் முடி மழிப்பதுதான் தெரியும். 'ரத்தநாளம்' எல்லாருக்கும் பழக்கமானது, ஈழத்தவருக்கு அது துல்லியமாகச் சிரையையே குறிக்கிறது, மற்றவர்களுக்கு ரத்தக் குழாய் என்றாவது புரியும். ஆகவே துண்டறிக்கைக்கு 'கழுத்துநாளச் சீழுறைவு', கலைச்சொல் பட்டியலில் 'உட்கழுத்துச் சிரைச் சீழுறைவு'. அடைப்புண்டாக்கும் துணுக்குக்கு 'சீழ்த்தக்கை' சரியாகவே இருக்கிறது.

லெமியேர் என்ற பெயரையும் விட்டுவிடாமல் பக்கத்தில் போடுங்கள், மருத்துவரிடம் சொல்ல அதுதான் உதவும்.

இது மிக அரிதான நோய், பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவர் என்ற அளவில்தான் பேசப்படுகிறது. ஆனால் அகப்படுவது பெரும்பாலும் நோய்நொடி இல்லாத பதின்ம வயதினரும் இளைஞர்களும். ராணுவம், காவல் போன்ற கட்டாயத் தேசிய சேவையில் இருக்கும் பையன் வார இறுதியில் வீட்டுக்கு வந்து 'தொண்டைதான்மா, எம்சி வாங்கியாச்சு' என்று மருத்துவ விடுப்போடு படுத்துவிடுவான். அவன் அம்மா படிக்கிற மாதிரி இந்த வரியைச் சேர்க்கலாமா என்று பாருங்கள்:

"தொண்டை வலி வந்த சில நாட்களில் குளிர் நடுக்கத்துடன் கடும் காய்ச்சல், கழுத்தின் ஒரு பக்கம் வீக்கம், மூச்சு வாங்குதல் அல்லது நெஞ்சுவலி இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்."

துண்டறிக்கை வரைவின் சிகிச்சைப் பகுதியில் 'ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கட்டாயம்' என்று இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி வாரக்கணக்கில் தேவைப்படும் என்பது உறுதி, உறைவெதிர்ப்பு மருந்து குறித்து மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

குழுவில் இருக்கும் ஈழத்து மருத்துவ நண்பர்கள் 'கழுத்துநாளம்' அங்கே வேறு எதையாவது குறிக்குமா என்று சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.