பிளாப்பி டிரைவருக்குப் பாடை கட்டியது யார்?

கருங்குருவி:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலிலிருந்து பிளாப்பி டிரைவரை, அதாவது பழைய பிளாப்பி வட்டுகளைப் படிக்க எழுத உதவும் மென்பொருளை, 2019இலேயே நீக்கிவிட்டார்கள் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். நீக்கவில்லை ஐயா. அந்த ஆண்டு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 'ஆதரவற்றது' என்று குறித்தார். கவனிக்க ஆளில்லை என்பதுதான் பொருள். மெய்நிகர் கணினிகள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) பழைய பிளாப்பி கட்டுப்படுத்தியை (வட்டு டிரைவை ஆட்டிவைக்கும் சில்லை) இன்னும் போலி செய்வதால் டிரைவர் போகாது என்றும் அதே குறிப்பில் எழுதினார். பிறகு கவனிக்க ஆளும் வந்தார். படிக்காமல் பாடை கட்டாதீர்கள்.

தெற்குத்தெரு:
எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஆதரவற்றது என்றால் பாதி செத்தது, மீதியையும் புதைத்துவிடலாம். ஜப்பானில் பிளாப்பி விற்பனையை சோனி 2011இலேயே நிறுத்திவிட்டது. வட்டே கிடைக்காதபோது டிரைவர் எதற்கு?

பழைய இரும்பு:
எங்கள் பட்டறை எம்பிராய்டரி இயந்திரம் பிளாப்பியில் கொடுத்தால்தான் பூ வேலையைத் தைக்கும். லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி பிளாப்பி டிரைவைச் செருகித்தான் எழுதுகிறேன். டிரைவரை எடுத்தால் என் பிழைப்பில் மண்.

கருங்குருவி:
யுஎஸ்பி பிளாப்பி அந்த டிரைவரைத் தொடுவதே இல்லை. பென் டிரைவ் போகிற வழியில்தான் அதுவும் போகிறது. இங்கே பேச்சு, தாய்ப்பலகையிலிருந்து 34 ஊசி பட்டைக் கம்பியில் தொங்குமே, அந்தப் பழைய டிரைவைப் பற்றி.

பழைய இரும்பு:
நேற்றும் ஓடியது.

கருங்குருவி:
ஓடும். நாளைக்கும் ஓடும். யுஎஸ்பி அந்த டிரைவரைத் தொடுவதே இல்லை.

தெற்குத்தெரு:
ஆக, காப்பாற்றச் சொல்லி அழுகிறவருக்கே அது தேவைப்படவில்லை! எனக்குச் சாட்சி தேடித் தந்ததற்கு நன்றி, குருவியாரே.

நெல்லிமரம்:
1.44 எம்பிக்கு இவ்வளவு ஆவேசமா?

கருங்குருவி:
அது 1.44 எம்பியும் இல்லை. 14,74,560 பைட். ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டால் 1.47, 1024ஆகக் கணக்கிட்டால் 1.41. ஒருமுறை 1024, மறுமுறை 1000 என்று வகுத்து அட்டையில் அச்சடித்த எண் அது.

நெல்லிமரம்:
வட்டின் மேல் 1.44 என்றுதான் போட்டிருக்கிறது. அச்சடித்தவர்கள் முட்டாள்களா?

கருங்குருவி:
அந்தக் கணக்கில், ஆம்.

தெற்குத்தெரு:
இவர் ஒருவர்தான் அறிவாளி. பழைய வன்வட்டுகளுக்கான ஐடிஇ டிரைவரை 2021இல் நீக்கியபோதும் இதே ஒப்பாரிதான் வைத்தார். யாருடைய வட்டாவது நின்றதா?

கருங்குருவி:
அதற்கு லிப்ஏடிஏ என்ற மாற்று பல ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. பழைய பிளாப்பி கட்டுப்படுத்திக்கு இன்னொரு டிரைவர் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். அன்றும் இதைத்தான் கேட்டேன். அன்றும் நீங்கள் பேச்சை மாற்றினீர்கள்.

தெற்குத்தெரு:
இத்தனை வருடக் கணக்கையெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்களா? என் வேலை கிடக்கிறது.

கருங்குருவி:
காட்டிவிட்டுப் போங்கள்.

பழைய இரும்பு:
இப்போதுகூட ஒரு வட்டு எழுதினேன். அருமையாக ஓடியது. தயவுசெய்து டிரைவரில் கை வைக்க வேண்டாம் என்று யாராவது அவர்களுக்கு எழுதுங்கள்.

கருங்குருவி:
ஐயா, யுஎஸ்பி அந்த டிரைவரை...